மிளா முதல் வெள்ளாடு வரை: நெல்லைச் சீமையின் தாவர உண்ணிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம், கடையம், களக்காடு, திருக்குறுங்குடி என்று மலையடிவார ஊர்களில் பள்ளிக்கூடங்களுக்கும் ஊர்க்கூட்டங்களுக்கும் காட்டைப் பற்றிப் பேசப் போவது என் வழக்கம். எங்கே போனாலும் புலியைப் பற்றி ஒன்றிரண்டு பேர் கேட்பார்கள். மீதிப் பேர் கேட்பதெல்லாம் மானையும் யானையையும் பன்றியையும் பற்றித்தான். வயலுக்கும் வாழைத்தோட்டத்துக்கும் வருவது அவைதானே. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே இங்கே சேர்த்திருக்கிறேன்.

"தாவர உண்ணின்னா இலை தழை மட்டும் தின்னுறது தானே சார்?"

இலை தழையோடு முடியவில்லை. புல், இலை, பட்டை, கிழங்கு, பூ, தேன், பழம், விதை என்று செடியின் எந்தப் பாகத்தைத் தின்று வாழ்ந்தாலும் அது தாவர உண்ணிதான். வெளிமான் புல் மேயும். வெள்ளாடு பின்னங்காலில் நின்று எட்டிக் கொழுந்தைக் கடிக்கும். மலையணில் கொட்டையை உடைக்கும். முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டும். பழந்தின்னி வௌவால் பழச்சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பும். வெட்டுக்கிளியும் கம்பளிப்பூச்சியும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தவைதான்.

என்ன தின்கிறது என்பதை வைத்துத்தான் ஒரு விலங்கின் பல், வயிறு, நடமாட்டம், கூட்டமாக வாழ்வதா தனியாக வாழ்வதா என்பதெல்லாம் அமைகிறது. புல்வெளியில் மேய்கிற வெளிமான் கூட்டமாக இருக்கும். புதருக்குள் விழுந்த பழத்தையும் கொழுந்தையும் பொறுக்குகிற சருகுமான் தனியாகத் திரியும்.

"நம்ம பக்கம் என்னென்ன இருக்கு? மான் மட்டும்தானா?"

மேலேயிருந்து இறங்கி வருவோம். அகத்தியமலை உச்சி 1,868 மீட்டர். அந்த உயரத்துப் பாறைச்சரிவுகளில் வரையாடு உண்டு, நம் மாநில விலங்கு. அதற்குக் கீழே மழைக்காட்டில் கருமந்தி, மலையணில், பெரும்பாலும் பழம் தின்கிற சிங்கவால் குரங்கு, இருவாச்சி. சிங்கவால் குரங்குக்காகவே 1976-ல் களக்காடு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 1962-லிருந்தே இருந்த முண்டந்துறை சரணாலயத்தோடு அதைச் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். சுமார் 895 சதுர கிலோமீட்டர். அங்கே யானை, காட்டுமாடு, மிளா என்கிற கடமான், புள்ளிமான், கேளையாடு என்கிற குரைக்கும் மான், சருகுமான் எல்லாம் இருக்கின்றன.

மலையை விட்டு இறங்கினாலும் கதை தொடரும். கங்கைகொண்டான் பக்கம் புள்ளிமான்களுக்கென்று 2013-ல் ஒரு சின்ன சரணாலயம் வந்தது. மூன்று சதுர கிலோமீட்டர்கூட இருக்காது. திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் வழியில் வல்லநாட்டுக் குன்று, வெளிமான்களின் இடம், 1987-லிருந்து சரணாலயம். தேரிமணலிலும் உடைமரக்காட்டிலும் முயலும் நட்சத்திர ஆமையும் உண்டு. ஆமையைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம், கண்டால் அப்படியே விட்டுவிடுங்கள்.

இத்தனையும் ஒரே சீமையில். பேருந்தில் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வரையாட்டின் மலையிலிருந்து வெளிமானின் சமவெளிக்கு வந்துவிடலாம். வேறு மாவட்டக்காரர்களுக்கு இது எளிதில் கிடைக்காது.

"வெறும் புல்லைத் தின்னு அம்புட்டு பெரிய உடம்பு எப்படி வருது?"

நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. புல்லிலும் இலையிலும் இருக்கிற நார்ச்சத்தை எந்தப் பாலூட்டியாலும் தானாகச் செரிக்க முடியாது. மாட்டாலும் முடியாது. அதன் வயிற்றில் குடியிருக்கிற நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. மாடு, ஆடு, மான், காட்டுமாடு இவற்றின் வயிற்றில் நான்கு அறைகள். முதல் அறை பெரியது, வளர்ந்த மாட்டுக்கு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும். அவசரமாக மேய்ந்ததெல்லாம் அங்கே போய், இட்லி மாவு புளிக்கிற மாதிரி புளிக்கும். பிறகு நிழலில் படுத்து, உருண்டை உருண்டையாக வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும். நார் உடைந்து வருகிற அமிலங்கள்தான் மாட்டுக்கு எரிபொருள். கடைசியில் அந்த நுண்ணுயிர்களும் அடுத்தடுத்த அறைகளுக்குப் போய்ச் செரித்துப் புரதமாகின்றன. மாட்டின் சதைக்கும் பாலுக்கும் வேண்டிய புரதத்தில் பெரும்பங்கு இப்படி வருவதுதான்.

யானை அசைபோடாது. அதற்குப் புளிக்கிற வேலை பின்குடலில் நடக்கிறது, அதனால் தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை. ஈடுகட்ட ஒரு நாளைக்கு 150 கிலோ வரை தின்கிறது, பகலும் இரவுமாக மேய்கிறது. 2025 ஜனவரியில் இறந்துபோன நெல்லையப்பர் கோவில் யானை காந்திமதியின் லத்தியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும், தென்னோலை நார் தென்னோலை நாராகவே வெளியே வந்திருக்கும். காட்டில் இதனால் பெரிய நன்மை உண்டு, விதை பற்றிய கேள்வியில் வருகிறேன்.

முயலுக்கும் பின்குடல்தான். அது வேறு வழி வைத்திருக்கிறது. முதலில் வருகிற மெத்தென்ற புழுக்கையைத் தானே திரும்பத் தின்று, விட்டுப்போன சத்தை இரண்டாம் முறை எடுத்துக்கொள்கிறது.

"மான் எலும்பைக் கடிச்சத நான் கண்ணால பாத்தேன். அது எப்படிண்ணே?"

நீங்கள் பார்த்தது உண்மையாகத்தான் இருக்கும். இலை தழையில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் உப்பும் போதிய அளவு கிடைப்பதில்லை. மிளா, புள்ளிமான் போன்றவற்றில் ஆண்களுக்குக் கொம்பு விழுந்து மறுபடி புதிதாக முளைக்கிறது, அது முழுக்க எலும்பு. பெண்மானுக்குக் குட்டியும் பாலும். அதனால் கிடக்கிற எலும்பையும் உதிர்ந்த கொம்பையும் கடிக்கும், உப்பு மண்ணைத் தேடிப்போய் நக்கும். முள்ளம்பன்றியும் கொம்பைக் கொறிக்கும். காட்டில் உதிர்ந்த கொம்பு முழுசாகக் கிடைப்பது அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிமான், காட்டுமாடு, வரையாடு இவற்றின் கொம்பு விழாது, ஆயுசுக்கும் ஒரே கொம்பு.

"கரடி, பன்னி, மயிலு இதெல்லாம் இந்தக் கணக்குல வருமா?"

வராது. மூன்றும் தாவரம், பிற உயிர்கள் இரண்டையும் தின்பவை. நம் மலையடிவாரத்துக் கரடிக்குக் கரையானும் எறும்பும் தேனும் பழமும் வேண்டும். காட்டுப்பன்றி கிழங்கு, நெல், புழு, செத்தது என்று எதையும் விடாது. மயில் விதையோடு பூச்சி, ஓணான், சின்னப் பாம்பு வரை தின்னும். ஆனால் கரடி எச்சத்தில் பழக்கொட்டைகள் நிறையக் கிடக்கும். விதை பரப்புகிற வேலையில் அதுவும் பங்காளிதான்.

"காட்டுக்குள்ள எந்த மிருகம் வந்துட்டுப் போயிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

புழுக்கையைப் பாருங்கள். புள்ளிமானுடையது வெள்ளாட்டுப் புழுக்கை மாதிரி, மிளாவினுடையது அதைவிடப் பெரியது. முயல் புழுக்கை வைக்கோல் நிறத்தில், கொஞ்சம் தட்டையான உருண்டையாக, உடைத்தால் வெறும் நார்த்தூளாக உதிரும். காட்டுமாடு போட்ட சாணி நம் மாட்டுச் சாணி போலவே வட்டமாகக் கிடக்கும். யானை லத்தி யாருக்கும் சந்தேகம் தராது.

அப்புறம், மேய்ந்த செடியைப் பாருங்கள். முயல் கொறித்த தண்டு கத்தியால் சாய்வாகச் சீவினதுபோல் இருக்கும், அதற்கு மேலும் கீழும் கூரிய வெட்டுப்பல். மானுக்கும் ஆட்டுக்கும் மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. பற்றி இழுத்துத்தான் பிய்க்கும், அதனால் தண்டின் நுனி கிழிந்து நாராக நிற்கும். பருத்தித் தோட்டத்திலோ உளுந்து வயலிலோ யார் வந்தது என்று கண்டுபிடிக்க இது நல்ல வழி.

"மான் இல்லாட்டி என்ன நட்டம்? புல்லு நல்லா வளரும்லா?"

கொஞ்ச நாள் வளரும். புல்லின் வளர்நுனி அடியில் இருக்கிறது, அதனால்தான் மேயமேயத் தழைக்கிறது. யாரும் மேயாத புல் முற்றிக் காய்ந்து, கோடையில் தீப்பிடிக்கக் காத்திருக்கிற சருகாகிவிடும். அதன் கீழே சிறு பூண்டுகளுக்கு வெயில் கிடைக்காது. வலிமையான இரண்டு மூன்று வகை மட்டும் மிஞ்சும்.

பெரிய நட்டம் வேறு. வெயிலில் இருக்கிற சக்தியை இலைக்குள் பிடித்துவைப்பது செடி. அந்த இலையைச் சதையாக மாற்றித் தருவது தாவர உண்ணி. அது இல்லாவிட்டால் புலி, சிறுத்தை, செந்நாய், மலைப்பாம்பு யாருக்கும் சாப்பாடு இல்லை. ஒவ்வொரு படியிலும் பெரும்பங்கு ஓடவும் மூச்சுவிடவும் செலவாகி, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான் மேற்படிக்குப் போகும். அதனால்தான் ஒரு புலி பிழைக்க நூற்றுக்கணக்கான மிளாவும் மானும் வேண்டியிருக்கிறது. புலிகள் காப்பகம் என்று பெயர்ப்பலகை வைத்தாலும், அங்கே முதலில் காக்க வேண்டியது புல்லையும் மிளாவையும்தான் என்று நான் எல்லா ஊரிலும் சொல்கிறேன்.

சாணத்தையும் மறக்கக் கூடாது. இலையாக உதிர்ந்து மக்க மாதக்கணக்காகும். மான் வயிற்றில் போனால் ஓரிரு நாளில் எருவாக மண்ணில் விழுகிறது. சாணவண்டு அதை உருட்டிக்கொண்டுபோய்ப் புதைக்கிறது.

"அப்போ மானுக்கு எதிரியான புலியை விரட்டிட்டா மான் நல்லா பெருகும்லா?"

பெருகும். அதுதான் ஆபத்து. அலாஸ்கா பக்கம் பெரிங் கடலில் செயின்ட் மேத்யூ என்று ஒரு தீவு. 1944-ல் அங்கே 29 கலைமான்களைக் கொண்டுபோய் விட்டார்கள். வேட்டையாடும் விலங்கு எதுவும் இல்லை. 1963-ல் சுமார் 6,000 ஆகிவிட்டன. தரையில் படர்கிற கற்பாசிதான் குளிர்காலத்துக்குத் தீனி, அதை அடியோடு தின்று தீர்த்தன. ஒரு கடுமையான குளிர்காலம் வந்தது. 1966-ல் போய்ப் பார்த்தபோது மிச்சம் 42. பிறகு அவையும் அற்றுப்போயின.

புலியும் செந்நாயும் எண்ணிக்கையை மட்டும் குறைப்பதில்லை. அவை இருக்கிற பயத்தில் மான் ஒரே இடத்தில் நின்று மேயாது. ஓடையோரத்து இளங்கன்றுகள் தப்பி மரமாவதற்கு அந்த இடைவெளி போதும்.

"விதை பரப்புறது பறவைதானே? மிருகத்துக்கு அதுல என்ன வேலை?"

மலைச்சரிவில் காட்டுநெல்லி பழுக்கிற காலத்தில் மரத்தடியைப் பாருங்கள். புள்ளிமானும் கேளையாடும் சருகுமானும் உதிர்ந்த காயை முழுசாக விழுங்கும். சதை வயிற்றில் கரையும். கொட்டை கெட்டியானது, அசைபோடும்போது வாய்க்கு வரும், அப்படியே துப்பிவிடும். படுத்து அசைபோட்ட இடம் தாய்மரத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கும். அங்கே ஒரு நெல்லி முளைக்கும். தாய்மரத்தின் அடியிலேயே விழுந்த விதைகளைப் பூச்சியும் எலியும் பெரும்பாலும் தீர்த்துவிடும்.

யானை பெரிய பழங்களைக் கொட்டையோடு விழுங்கி, கிலோமீட்டர் கணக்கில் நடந்து, எருவோடு சேர்த்து விதைக்கிறது. பாதிகூடச் செரிக்காது என்று முன்னால் சொன்னேனே, அதனால்தான் விதை உயிரோடு வருகிறது. ஊருக்குள் பார்க்க வேண்டுமானால் ஆற்றங்கரை இலுப்பையைப் பாருங்கள். பழந்தின்னி வௌவால் ராத்திரியில் பழத்தைக் கவ்விக்கொண்டுபோய் வேறு மரத்தில் தொங்கித் தின்று கொட்டையைப் போடும். பனைமரத்தின் கழுத்தில் ஆலங்கன்று முளைத்து நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது பறவையோ வௌவாலோ போட்ட எச்சம்.

இன்னொரு வேலையும் உண்டு. மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சிப் பக்கத்து மழைக்காட்டில் வெடிப்பலா மரங்கள் ஏராளம். பூவுக்கு இதழே கிடையாது, சதைப்பற்றான புறவட்டம்தான். மற்ற பழங்கள் குறைந்த காலத்தில் கிளை முழுக்கக் கொத்துக்கொத்தாகப் பூக்கும். சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலையணில், வௌவால் எல்லாம் அதைத் தேடி வந்து தின்கின்றன. தின்கிறபோதே மகரந்தமும் மரத்துக்கு மரம் போய்ச்சேர்கிறது, அதில் வௌவாலின் பங்கு பெரிது. பூவைத் தின்று அழிக்கிறது என்று தோன்றும். தின்னாவிட்டால் அந்த மரத்துக்குப் பிள்ளை இல்லை.

"பழந்தின்னி வௌவால் நிபா பரப்புதாமே. அது தங்குற மரத்தை வெட்டிரலாமா?"

வெட்டக் கூடாது. நிபா வைரஸ் இந்த வௌவால்களில் இருப்பது உண்மை. 2018-ல் கோழிக்கோட்டில் பரவியதிலிருந்து இந்தப் பயம் நம் பக்கமும் வந்துவிட்டது. ஆனால் மரத்தை வெட்டினால் வௌவால் சாவதில்லை. கலைந்து நாலு ஊருக்குப் போகும், நோய் இருந்தால் அதுவும் கூடவே போகும்.

செய்ய வேண்டியது எளிது. வௌவால் கடித்த, கீறல் விழுந்த பழத்தைத் தின்ன வேண்டாம். வங்கதேசத்தில் ஈச்சமரத்துப் பச்சைச் சாற்றில் வௌவால் வாய்வைத்து, அதைக் குடித்தவர்களுக்கு நிபா வந்திருக்கிறது. அங்கே சாறு வடிகிற இடத்தை மூங்கில் தட்டியால் மூடச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் பனையேறிகளும் கலயத்தின் வாயை மூடிக் கட்டினால் பதநீருக்கும் நல்லது, குடிப்பவருக்கும் நல்லது.

"எங்க ஆடு மாடும் இதே வேலையத்தான செய்யுது? காட்டுல மேய விட்டா என்ன?"

முதல் பாதி முழுக்கச் சரி. கரிசலிலும் செம்மண்ணிலும் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுகிறார்களே, அதைவிட நல்ல எரு முறை எனக்குத் தெரியாது. ராத்திரி முழுக்க ஆடுகள் ஒரே இடத்தில் அடைந்து, புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணுக்குப் போகிறது. வெம்பூர் ஆடு, கீழக்கரிசல் ஆடு, கன்னி ஆடு, கொடி ஆடு எல்லாம் நம் வெயிலுக்கும் நம் தீவனத்துக்கும் பழகி வந்த இனங்கள். கோடையில் புல் கருகின பிறகு உடைமரத்தின் காயான உடங்காய்தான் வெள்ளாட்டுக்கு உயிர். கிடை போட்ட இடத்தில் உடைவிதை சிதறிக்கிடப்பதும் முளைப்பதும் ஆடு மேய்ப்பவர்கள் நன்றாக அறிந்தது.

இரண்டாம் பாதிதான் சிக்கல். காட்டில் மிளாவும் மானும் எத்தனை இருக்கலாம் என்பதைத் தீனியும் தண்ணீரும் புலியும் முடிவு செய்கின்றன. நம் ஆடு மாட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கோடையில் தீவனம் வாங்கிப் போட்டு எண்ணிக்கையைக் காப்பாற்றுகிறோம், மழை வந்ததும் மொத்தமாகக் காட்டுக்குள் விட்டால் இளந்தளிரை முதலில் அவை தின்றுவிடும். இன்னொன்று நோய். 1968-ல் பந்திப்பூர், முதுமலைப் பக்கம் வெக்கை நோய் தாக்கிக் காட்டுமாடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அந்த நோய் 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்தது. கோமாரி இன்னும் இருக்கிறது. காட்டையொட்டிய ஊர்களில் மாட்டுக்குத் தடுப்பூசி தவறாமல் போடுங்கள், அது மலைமேல் இருக்கிற காட்டுமாட்டுக்கும் போட்டதற்குச் சமம்.

"சீமைக்கருவேலத்தைப் பரப்புனதே ஆடுமாடுதான்னு சொல்லுதாங்களே?"

பரப்பியது அவைதான், கொண்டுவந்தது மனிதன். அமெரிக்கக் கண்டத்து மரத்தை விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று கொண்டுவந்து நட்டோம். ஆட்டுக்கு அதன் இலை பிடிக்காது, காய் இனிப்பு. நெல்லிக்கு மான் செய்கிற அதே உதவியை இதற்கு ஆடும் மாடும் செய்தன. விதை ஓடு இளகி, எருவோடு விழுந்து, குளம் குட்டை எங்கும் முளைத்தது. வெளிமானும் அந்தக் காயைத் தின்று பரப்பும். அந்த முள்ளுக்காடு பெருகப் பெருக, திறந்த புல்வெளி இல்லாமல் வாழ முடியாத வெளிமானுக்கே இடம் சுருங்குகிறது. வல்லநாட்டுப் பக்கம் போனால் குன்றைச் சுற்றிப் பாருங்கள், புரியும்.

மரத்தை வெட்டிப்போட்டு விடுவதால் பயனில்லை, தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வேரோடு எடுத்து, அந்த இடத்தில் நாட்டுப் புல்லும் உடைமரமும் வர விட வேண்டும். காய் விழுகிற காலத்தில் அதைத் தின்ற மந்தையை நேராக நல்ல மேய்ச்சல் நிலத்துக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும் உதவும்.

"தோட்டத்துக் கம்பளிப்பூச்சியும் தாவர உண்ணிதானே. அதையும் காப்பாத்தணுமா?"

எல்லாவற்றையும் இல்லை. கத்தரியில் புழு வந்தால் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் கறிவேப்பிலையில் பச்சையாக நாலு புழு இருந்தால் விட்டுவிடலாம், வண்ணத்துப்பூச்சியாகும். சிட்டு, தவிட்டுக்குருவி, தையல்சிட்டு எல்லாம் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவைத்தான். தானியம் தின்கிற குருவிகூடக் குஞ்சுக்குப் புழுதான் கொண்டுபோகும்.

செடியும் சும்மா இருப்பதில்லை. வாடி நிற்கிற இளஞ்சோளத்தைத் தின்று மாடு செத்ததைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதில் ஊறுகிற சயனைடு விஷம்தான் காரணம். எருக்கின் பாலில் இதயத்தைத் தாக்குகிற விஷம் உண்டு. அந்த எருக்கிலையையே தின்று வளர்கிற ஒரு கம்பளிப்பூச்சி இருக்கிறது. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளோடு பளிச்சென்று தெரியும். விஷத்தைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால் பெரும்பாலான பறவைகள் அதைத் தொடுவதில்லை. ஒரு எருக்கஞ்செடியின் முன்னால் கால் மணி நேரம் உட்கார்ந்தால் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் இல்லாததையெல்லாம் பார்க்கலாம்.

"கோவிலுக்குப் போம்போது மானுக்கும் குரங்குக்கும் சோறு, பிஸ்கட் போட்டா புண்ணியம்தானே அண்ணாச்சி?"

நல்ல மனசில் செய்வது தெரிகிறது. ஆனால் வேண்டாம். கல்யாண வீட்டில் மிஞ்சின சோற்றை மாடு வயிறு முட்டத் தின்றால் என்ன ஆகும் என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். வயிற்று நுண்ணுயிர்களைப் பற்றிச் சொன்னேன். நாரைச் செரிக்கப் பழகினவற்றுக்குத் திடீரென்று மாவுச்சத்து வந்தால் அமிலம் ஏறி, வயிறு உப்பி, மாடு சாய்ந்துவிடும். மானுக்கும் அதே வயிறுதான், ஊசி போட அங்கே மருத்துவர் இல்லை.

ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்கு ஆயிரக்கணக்கில் போகிறோம். அது காப்பகத்துக்குள் இருக்கிற கோவில். சோறு ஒட்டின பிளாஸ்டிக் பையை உப்புக்காகவே மிளா மென்று விழுங்கும், அது அசைபோடும் வயிற்றைவிட்டு வெளியே வராது. இலையில் சாப்பிட்டு, பையைத் திரும்ப எடுத்து வாருங்கள். அய்யனாருக்கு அதைவிடப் பெரிய காணிக்கை இல்லை என்று நான் நம்புகிறேன்.

"அரிக்கொம்பன் காட்டுல இவ்ளோ தீனி இருக்கையில ஏன் அரிசியைத் தேடிச்சு?"

கேரளத்தில் ரேஷன் கடையையும் வீட்டையும் உடைத்து அரிசி தின்ற அந்த யானையை 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடித்து, நம் காப்பகத்தின் மேல்கோதையாறுப் பக்கம் விட்டார்கள். செப்டம்பரில் மாஞ்சோலை எஸ்டேட் பக்கம் வந்து வாழையைத் தின்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும்.

நாள் முழுக்க மூங்கிலும் புல்லும் மென்றால் கிடைக்கிற சக்தி, ஒரு மூட்டை அரிசியில் சில நிமிடத்தில் கிடைக்கிறது. ஒருமுறை ருசி கண்ட யானைக்கு அது மறக்காது, நினைவாற்றல் அப்படி. ஆண் யானைகள் துணிந்து இறங்குவது அதிகம், ஏனென்றால் உடம்பு பெரிதாக இருந்தால்தான் மற்ற ஆண்களோடு மோதி இணை சேர முடியும். குணம் கெட்ட யானை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது போய்வந்த வழியில் நாம் அரிசி வைத்தோம், வாழை வைத்தோம்.

"யானை மரத்தை ஒடிச்சுப் போடுதே, அது காட்டை அழிக்கிறதுதானே?"

பெரிய காட்டில் இல்லை. ஒடித்த கிளையின் தழை கீழே வந்தால் மானுக்கு எட்டும். மேலே மந்தி உதிர்க்கிற இலைக்காகவும் பழத்துக்காகவும் புள்ளிமான் மரத்தடியிலேயே நிற்கும், அதே கணக்கு. மரம் விழுந்த இடத்தில் வெயில் விழும், புதுக் கன்றுகள் எழும். ஆனால் யானை போய்வர வழியில்லாமல் ஒரு சின்னத் துண்டுக் காட்டில் அடைபட்டால், அதே செயல் அழிவுதான்.

"மானுக்கும் தாமிரபரணிக்கும் என்ன சம்பந்தம்?"

ஆறு பொதிகையின் மழைக்காட்டில் பிறக்கிறது. அந்தக் காட்டின் மண்ணும் வேரும்தான் மழைநீரைப் பிடித்துவைத்து, மழை ஓய்ந்த பிறகும் கசிய விடுகின்றன. அங்குள்ள மரங்களில் பெரும்பாலானவை சதைப்பழ மரங்கள், விதை நகர ஒரு வாய் வேண்டும். இருவாச்சியும் மந்தியும் யானையும் வௌவாலும் குறைந்தால், பழைய மரம் சாயச்சாய அதே இன மரம் அடுத்த தலைமுறைக்கு வராது. ஒரு நாளில் தெரியாது, அறுபது எழுபது வருடத்தில் தெரியும்.

"எங்க வாழையைப் பூரா அழிச்சிட்டுப் போயிருது. உங்களுக்கு மிருகம் பெருசா, நாங்க பெருசா?"

இதைக் கேட்டவர் கோபத்தில்தான் கேட்டார், அந்தக் கோபம் நியாயமானது. காட்டினால் கிடைக்கிற தண்ணீர் கீழே தூத்துக்குடி வரை எல்லோருக்கும் போகிறது. யானையும் பன்றியும் தின்ற நட்டம் மட்டும் மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் தலையில் விழுகிறது. அதை எல்லோரும் சேர்ந்து சுமக்க வேண்டும், இழப்பீடு விரைவாகவும் முழுமையாகவும் வர வேண்டும். மிருகத்தை நேசிக்கிறேன் என்று சொல்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

செய்யக் கூடாதது இரண்டு. வேலியில் நேரடி மின்சாரம் விடுவது, பழத்துக்குள் நாட்டு வெடி வைப்பது. இரண்டும் குற்றம், அதைவிட முக்கியம், இரண்டும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையையும் சேர்த்துக் கொல்லும். சூரியசக்தி வேலி அடிக்கும், கொல்லாது. ஆனால் கொடியும் செடியும் அதில் படராமல் வாரத்துக்கு ஒருமுறை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் வெறும் கம்பிதான். காட்டுப்பன்றிக்கு 2025 தொடக்கத்தில் அரசு ஒரு வழி சொல்லியிருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை, ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நாமே சுட இதில் இடமில்லை.

நட்டம் நடந்த அன்று காலையில் தோட்டத்தைச் சுத்தம் செய்துவிடாதீர்கள். சாய்ந்த வாழையையும் கால்தடத்தையும் லத்தியையும் அப்படியே வைத்துத் தேதி தெரிகிற மாதிரி படம் எடுங்கள். வனச்சரக அலுவலகத்துக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் அன்றே எழுதிக் கொடுத்து, கொடுத்த மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். பட்டா, அடங்கல் நகல் கையில் இருக்கட்டும். அடங்கலில் வாழை என்று பதிவாகாமல் வேறு பயிர் இருந்தால் அங்கேயே மனு நின்றுவிடும், அதனால் நட்ட உடனேயே பயிர்ப்பதிவைச் சரிபார்த்துவிடுங்கள்.